அடுக்களையில் பிறக்கும் இடியும் மழையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடைகளில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் நாம் பல உரைகள் கேட்டிருக்கிறோம். எனக்குச் சங்கத்தார் இட்ட பணி சற்று வேறானது. நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் நடிக்கும் நாடகங்களுக்கு வேண்டிய இடி, மழை, குளம்படி, கூட்டத்தின் ஆரவாரம் முதலிய ஒலிகளை வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்து பதிந்து கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். அந்த வித்தையை எல்லாரும் அறியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. சொல்லுகிறேன். ஆயினும் வித்தையோடு நின்றுவிடாமல், அதனினும் பெரிதென நான் கருதும் செய்தி ஒன்றையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நம் தேவையை நோக்கினால், உலகில் உள்ள ஒலிகளை இரு கூறாகப் பிரிக்கலாம். ஒரு கூறு, வேறு பொருளைக் கொண்டு நாமே செய்துகொள்ளத் தக்கது. மற்றொரு கூறு, எப்பொருளைக் கொண்டும் செய்ய இயலாதது. உள்ளபோதே பதிந்து காத்துக்கொள்ள வேண்டியது. மழையின் ஒலி முதல் வகையைச் சேர்ந்தது. உங்கள் வீட்டுப் பாட்டியாரின் குரல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முதலில் செய்யும் ஒலியைக் காண்போம். கண் ஐயுறும் இயல்புடையது. காதோ நம்பும் இயல்புடையது. மேடையில் அட்டைக் குதிரையைக் கண்டால் நகைக்கும் அவையினர், திரைக்கு அப்பால் குளம்படி கேட்டால் குதிரை வருவதாகவே கொள்வர். அக்குளம்படியை எழுப்புவது முற்றிய தேங்காயின் கொட்டாங்கச்சி இரண்டே. கவிழ்த்துப் பிடித்த ஓட்டின் விளிம்பு தரையில் மோதும்போது உள்ளே அடைபட்ட காற்றும் உடன் அதிர்கிறது. ஆதலின் வன்மையும் குழைவும் கலந்த அந்த ஓசை பிறக்கிறது. கல்லின்மேல் தட்டினால் நகரவீதி. மணல் பரப்பிய தட்டில் தட்டினால் நாட்டுப்புறச் சாலை. குதிரை ஒன்றேதான்; வழிதான் வேறு.

மழைக்கும் இவ்வாறே ஒரு மாற்று உண்டு. மழைத்துளி நீர்நிலையில் விழும்போது எழும் ஒலியில் பெரும்பங்கு, துளியோடு நீருக்குள் அடைபடும் சின்னஞ்சிறு காற்றுக்குமிழ் அதிர்வதனால் உண்டாவது. வாணலியில் வற்றல் பொரியும்போது நிகழ்வதும் குமிழிகளின் ஆரவாரமே. வற்றலில் உள்ள ஈரம் நீராவியாகிக் குமிழி குமிழியாக எண்ணெயில் வெடிக்கிறது. இரண்டிலும் ஒழுங்கற்ற சிற்றொலிகள் பல்லாயிரம் ஒன்றுகூடுகின்றன. ஆகவே அடுக்களையில் வற்றல் பொரியும் ஒலியைப் பதிந்து மேடையில் ஒலிபரப்பினால், முன்வரிசையில் இருப்பவர் குடையைத் தேடுவர்!

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. 1709-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டென்னிஸ் என்னும் நாடக ஆசிரியர் இடியொலி எழுப்பப் புதுமுறை ஒன்று கண்டார். அவருடைய நாடகம் விரைவில் நின்றுபோயிற்று. அரங்கத்தார் இடியை மட்டும் வேறு நாடகத்துக்கு எடுத்துக்கொண்டனர். ‘என் இடியைத் திருடிவிட்டார்களே!’ என்று அவர் வெகுண்டதாகவும், அதிலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் பிறந்ததாகவும் கூறுவர். பேசும் படம் வந்த புதிதில், 1929-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் யுனிவர்சல் நிலையத்தில் ஜாக் ஃபோலி என்பார், ஓடும் படத்தைப் பார்த்தபடியே காலடியோசையும் ஆடையின் சரசரப்பும் எழுப்பிப் பதியும் முறையை வளர்த்தார். திரைப்பட உலகில் அக்கலைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1948-இல் பாரிசு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர், புகைவண்டிகளின் ஒலியைப் பதிந்து, அவற்றைக் கோத்து ஓர் இசைப்படைப்பே ஆக்கினார். 1963-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரில், காலத்தைக் கடந்து பறக்கும் கலத்துக்குப் பிரையன் ஹாட்ஜ்சன் ஓர் ஒலி செய்து தந்தார். அவ்வொலிக்கு மூலம் யாது? பழைய பியானோ ஒன்றின் தந்திமேல் தேய்த்து இழுக்கப்பட்ட ஒரு வீட்டுச் சாவி!

நமக்கு இதில் பெருவியப்பு இருத்தல் வேண்டுவதில்லை. தண்ணீர் மொள்ளும் மட்குடத்தைக் கடமாக்கிக் கச்சேரி மேடையில் ஏற்றியவர்கள் நாம். மானாமதுரை மண்ணில் அக்கடத்தை வனைவோர் இன்றும் உளர். வில்லுப்பாட்டிலும் குடமே தாளம் தருகிறது. பீங்கான் கிண்ணங்களில் நீரை நிரப்பினால் ஜலதரங்கம். சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. காட்சியே இல்லாமல், குரலையும் ஓசையையும் மட்டும் கொண்டு வீடுதோறும் நாடகம் நடத்திய பெருமை வானொலிக்கு உண்டு. ஆகவே வீட்டுப் பொருளில் ஓசையைக் காண்பது நமக்குப் பழகிய நெறியே.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். முறத்தில் ஒரு பிடி கடுகை இட்டு மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுங்கள். கடலலை கரையைத் தொட்டு மீளும். செய்தித்தாளின்மேல் பச்சரிசியைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். ஓலைக்கூரையில் தூறல் விழும். பழைய எக்ஸ்-ரே படத்தை ஓர் ஓரத்தில் பிடித்துக் குலுக்குங்கள், வானம் உறுமும். மிட்டாய் சுற்றி வரும் கண்ணாடித்தாளைக் காதருகே கசக்குங்கள். விறகு தீப்பற்றி எரியும். மரநாற்காலியின் முதுகின்மேல் பட்டுத்துணியை இழுங்கள், காற்று வீசும். தில்லிக் குளிருக்கென வாங்கிய தோல் கையுறை இரண்டையும் சேர்த்து உதறுங்கள், புறாக்கூட்டம் எழும். கதையில் கொடியவனின் கை முறிய வேண்டுமா? குளிர்காலத்துக் காரட் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி முறியுங்கள். சிறுவர்கள் மகிழ்ச்சியால் கூச்சலிடுவர்.

ஆனால் காதை ஏமாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. காப்பி ஆற்றும் ஒலி வேண்டுமென்றால் டவரா டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றிப் பயனில்லை. குளிர்ந்த நீர் விழும் ஓசை கூர்மையாகவும், வெந்நீர் விழும் ஓசை சற்றுத் தணிந்தும் கேட்கும். நாம் எண்ணிப் பாராவிடினும் நம் செவி அவ்வேறுபாட்டை அறியும். அக்காட்சிக்குச் சூடான காப்பியையே ஆற்ற வேண்டும். பதிந்து முடிந்தபின் அதனைக் குடித்தும் விடலாம்!

பதியும் முறையைச் சில சொற்களில் கூறுகிறேன். இன்று எல்லார் கையிலும் உள்ள கைப்பேசியே இதற்குப் போதுமான கருவி. முதல் விதி: அருகில் செல்க. ஒலி பிறக்கும் இடத்துக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால், வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அறையின் எதிரொலியும் தெருவின் இரைச்சலும் மேலோங்கும். ஒரு சாண் தொலைவு நன்று. இரண்டாம் விதி: அமைதியைத் தேடுக. மின்விசிறி, கூலர், குளிர்பெட்டி ஆகியவற்றைச் சிறிது நேரம் நிறுத்துக. தில்லியில் விமானத்தின் ஓசையை நிறுத்த இயலாது; அது கடந்து செல்லும்வரை பொறுத்திருத்தல் ஒன்றே வழி. மூன்றாம் விதி: சுவரை மூடுக. வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். பஞ்சு அதனை உண்டுவிடும். இரண்டு ரஜாய்களை நாற்காலிகளின்மேல் கூடாரம்போல் போர்த்தினால், பெருஞ்செலவில் கட்டும் ஒலிப்பதிவு அறையின் தன்மை ஓரளவு கிட்டிவிடும். நான்காம் விதி: ஒலிக்கு முன்னும் பின்னும் ஐந்து நொடி மௌனத்தையும் சேர்த்துப் பதிக. பின்னர் வெட்டி இணைக்கும்போது அம்மௌனத்தின் அருமை விளங்கும்.

கைப்பேசிக்குள் நிகழ்வது யாதென்றும் குழந்தைகள் அறிதல் நலம். மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது. அதனைப் பழுதின்றிப் பதிய வேண்டுமானால், மேல் எல்லையின் இருமடங்குக்கு மிகுதியாக ஒலியை அளத்தல் வேண்டும். ஆதலின் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறையும், திரைப்படத்துக்கு 48,000 முறையும் ஒலியின் ஏற்றத்தாழ்வு எண்களாகக் குறிக்கப்படுகிறது. எண்ணாக மாறிய ஒலியை நாம் விரும்பியவாறு மாற்றலாம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் கணினிச் செயலி விலையின்றிக் கிடைப்பது. எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிப் பதிந்து, வேகத்தை அரைப்பங்காக்குங்கள்; ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். மறுபடியும் அரைப்பங்காக்குங்கள், சாப்பாட்டுத் தட்டு கோயில் மணியாகிவிடும்.

‘இத்துணை உழைப்பு எதற்கு? இணையத்தில் ஆயிரமாயிரம் ஒலிகள் கிடைக்கின்றனவே’ என்று சிலர் வினவலாம். அவற்றை நான் வேண்டாமென்று விலக்கவில்லை. ஆயினும் ஒரு குறையைக் கேளுங்கள். நம் நாடகத்தில் தஞ்சை மாவட்டத்துச் சந்தைக் காட்சி ஒன்று வருகிறதென வைத்துக்கொள்வோம். இணையத்தில் எடுத்த சந்தையொலியில் முணுமுணுக்கும் மக்கள் ஆங்கிலத்தில் முணுமுணுப்பர்! நம் காலனியில் பத்துப் பேர் கூடினால் போதும். ஒருவர் விலை பேசட்டும். ஒருவர் பிள்ளையை அழைக்கட்டும். ஒருவர் நெல் அளக்கும்போது, முதல் மரக்காலுக்கு ஒன்று என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் வழக்கப்படி எண்ணட்டும். அதே பத்துப் பேர் இடம் மாறி நின்று மும்முறை பேசிப் பதிந்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தால் முப்பது பேர் கூடிய சந்தையாகும். அப்பதிவை நான் செய்தபோது கண்ட பயன் வேறொன்று. ‘லாபம்’ என்ற சொல் எதற்கு என்று ஒரு சிறுமி கேட்டாள். முதல் அளவையை மங்கலச் சொல்லால் தொடங்கும் வழக்கத்தை ஒரு பெரியவர் அவளுக்கு விளக்கினார். ஒலி தேடப் போனவளுக்கு ஒரு வழக்கமே கிடைத்தது.

அன்பர்களே! இங்கேதான் நான் முதலில் குறித்த இரண்டாம் வகை ஒலிக்கு வந்து சேர்கிறேன். அம்மியில் குழவி உருளும் ஒலி, ஆட்டுரலின் கரகரப்பு, ஓர் உரலில் இருவர் மாற்றி மாற்றி இடும் உலக்கையின் தாளம், கிணற்றுச் சகடையின் முனகல் இவை யாவும் நம் மூத்தோர் காதில் இன்றும் நிற்பவை. மிக்ஸியும் குழாய்நீரும் வந்தபின் வீடுகளில் அவை ஓய்ந்து வருகின்றன. உழைப்புக் குறைந்தது நன்மையே. அம்மிக்குத் திரும்புங்கள் என்று எந்தத் தாய்க்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வொலியைக் கேளாத குழந்தைக்கு ‘கரகர’ என்ற சொல் வெறும் எழுத்தாகிவிடுகிறது. சலசல, கலகல, மடமட, நறநற என நம் மொழியில் எத்தனை இரட்டைக்கிளவிகள்! தொல்காப்பியமே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் கூறுகிறது. சொல் நூலில் இருக்கிறது. அதன் ஒலி எங்கே இருக்கிறது?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தில்லியின் பல காலனிகளில் மழைக்காலத்தில் மயில் கூப்பிடுகிறது. மயிலின் குரலை ‘அகவல்’ என்பது தமிழ் மரபு. ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அகவலோசை என்றே பெயர். விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று அக்குரலைப் பதியும் சிறுவனுக்கு, யாப்பிலக்கணத்தின் ஒரு சொல் செவி வழியே விளங்கும். குயில் கூவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், பாம்பு சீறும், வண்டு முரலும் என்னும் மரபுச் சொற்களையும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட ஒலியோடு கேட்டுக் கற்பது எளிதன்றோ?

எல்லாவற்றினும் அரியது மனிதக் குரல். இக்காலனியில் நெல்லையின் ‘ஏலே’யும், கொங்கு நாட்டின் ‘ஏனுங்’களும், மதுரையின் ‘அங்கிட்டு இங்கிட்டு’ம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. நம் பிள்ளைகளோ பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி, வீட்டில் எல்லா வட்டாரங்களும் கலந்த ஒரு தமிழைப் பேசுகின்றனர். அதில் தவறில்லை. எனினும் தாத்தாவின் ஊர்த்தமிழ் அவரோடு நின்றுவிடும். 1913 முதல் 1929 வரை, கிரியர்சன் நடத்திய மொழி அளவாய்வின் தொடர்பில், இந்திய மொழிகள் பலவற்றின் பேச்சு இசைத்தட்டுகளில் பதியப்பட்டது. அவற்றுள் தமிழும் உண்டு. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அக்குரல்களை இன்று இணையத்தில் கேட்கலாம். அன்று அதற்கு ஓர் அரசாங்கம் வேண்டியிருந்தது. இன்று ஒரு பேரப்பிள்ளை போதும்.

பல வீடுகளில் பரண்மேல் பழைய கேசட்டுகள் உறங்குகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த அச்சிறு பெட்டியில், திருமணத்து நாகசுரமும் மழலைப் பேச்சும் மறைந்தோரின் குரலும் அடங்கியிருக்கும். ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படரும். அதனை இயக்கும் கருவியும் கிடைத்தற்கு அரிதாகி வருகிறது. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தினால் நாடா இருக்கும், குரல் இராது. ஆகவே புதிய ஒலி பதிவதற்கு முன்னரே பழைய ஒலியைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

தில்லியின் ஒலிகளையும் நாம் ஒதுக்கலாகாது. காய்கறி வண்டிக்காரரின் நீண்ட கூவல், பழைய தாள் வாங்குவோரின் குரல், குளிர்காலத் தொடக்கத்தில் ரஜாய்க்குப் பஞ்சு அடிப்போர் தோளில் சுமந்து வரும் வில்லின் நாணொலி இவையும் நம் குழந்தைகளின் பிறந்தவீட்டு ஒலிகளே. இயந்திரம் வந்தபின் அந்நாணொலி அருகிவிட்டது. நாம் வாழும் ஊருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்.

பதிவோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் குரலை அவர் அறியாமல் பதியாதீர்கள். கேட்டு, இசைவு பெற்று, பதிந்ததை அவர்க்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். தெருவில் கூவி விற்போர்க்கும் இம்மரியாதை உரியது.

இறுதியாக, சங்கத்தின்முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். அதற்கு ‘ஒலிப் பேழை’ என்று பெயரிடலாம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் வீட்டுக்கு ஓர் ஒலி, ஒரு நிமிட அளவில், சங்கத்துக்கு அளியுங்கள். தாலாட்டாகலாம், குலவையாகலாம், அம்மியாகலாம், ஊர்ப்பேச்சாகலாம். ஒவ்வொன்றோடும் ஐந்து குறிப்புகள் வேண்டும்: என்ன ஒலி, எழுப்பியவர் யார், எந்த ஊர் வழக்கு, பதிந்த நாள் எது, பதிந்தவர் யார். குறிப்பில்லாத ஒலி முகவரியில்லாத கடிதம் போன்றது. ஒலியைச் சுருக்கிக் குறைக்காத வேவ் வடிவில், ஒன்றுக்கு இரண்டு படிகளாக, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துக் காப்போம். அடுத்த ஆண்டு நாடகத்தின் ஒலிகள் யாவும் இக்காலனியின் அடுக்களைகளிலேயே பிறக்கட்டும்.

மழையை எப்போது வேண்டுமானாலும் வாணலியில் பொரித்துக்கொள்ளலாம். ‘கண்ணே, சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் ஒரு முதிய குரலை எந்த வாணலியிலும் பொரிக்க இயலாது. இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள்; கேட்பதற்கு முன் அவர்கள் இசைவோடு கைப்பேசியின் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!